கடுகும் காற்பந்தும்



வழக்கமாக இலக்கணத்தைப் பற்றியும் கட்டுரைப் பயிற்சியைப் பற்றியும் எழுதிக் கொண்டிருப்பவன் இன்று காற்பந்தைப் பற்றி எழுதுகின்றானே என்று நீங்கள் வியக்கக்கூடும். பொறுமையாக இறுதிவரை படியுங்கள். காற்பந்தில் தொடங்கினாலும் நான் வந்து சேரப்போவது நம் வகுப்பறைக்குத்தான்.

பாயான் லெப்பாஸில், விமான நிலையத்திற்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே, நான் நெடுங்காலமாகச் செல்லும் ஓர் ஒட்டுக்கடை உண்டு. 1972-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப மண்டலம் இங்குத் தொடங்கப்பட்ட பின்னர், கம்பத்தும் வயலுமாக இருந்த இவ்வூர் மின்னணுத் தொழிற்சாலைகளின் ஊராக மாறியது. ஆகவே இரவு வேலைக்குப் போகின்றவர்களும் பகல் வேலை முடிந்து வருகின்றவர்களும் அக்கடையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வார்கள். சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதில் எப்போதும் காற்பந்து. பினாங்கு அணி ஆடும் நாள்களில் அங்கு அமர இடம் கிடைப்பது அரிது.

2017-ஆம் ஆண்டின் தொடக்கம் பினாங்கு இரசிகர்களுக்குப் பொற்காலம்போல் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், ஜோர்ஜ்டவுன் மாநகர் அரங்கில் பகாங் அணிக்கு எதிராக முகமட் ஃபயிஸ் சுப்ரி உதைத்த பந்து, ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி மறுபக்கம் வளைந்து கோல் வலைக்குள் புகுந்தது. அந்தக் கோலுக்காக 2017 ஜனவரி 9-ஆம் நாள் சூரிக் நகரில் அவருக்குப் புஸ்காஸ் விருது வழங்கப்பட்டது. ஆசியாவைச் சேர்ந்த ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கின்ற நம் அரங்கத்தை உலகமே பார்த்துவிட்டது என்று நாங்கள் பூரித்துப் போனோம்.

ஆனால், விருது வேறு. புள்ளிப் பட்டியல் வேறு. அந்தப் பருவத்தில் பினாங்கு அணி தொடக்கம் முதலே தடுமாறியது. இந்தியாவின் பெங்களூரு அணிக்கு இரண்டு முறை ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்த ஆங்கிலேயப் பயிற்றுநர் ஆஷ்லி வெஸ்ட்வுட் வந்த வேகத்தில் சென்றுவிட்டார். முன்னாள் தேசிய ஆட்டக்காரர் சைனால் அபிடின் ஹசான் பொறுப்பேற்றார். அணியோ பட்டியலின் அடியிலேயே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் ஓர் இளைஞரைப் பற்றிய வாதம் எங்கள் கடையில் சூடுபிடித்தது. பெயர் ஃபைசால் ஹலிம். பினாங்கிலேயே பிறந்தவர். வயது 19. உயரம் 158 சென்டிமீட்டர்தான். இரசிகர்கள் அவரை ‘மிக்கி’ என்று செல்லமாக அழைப்பார்கள். பந்து காலில் பட்டதும் பக்கவாட்டில் மின்னலாக ஓடக்கூடியவர்.

“இவரை முதல் நிமிடத்திலிருந்தே இறக்க வேண்டும். இப்போது இறக்காவிட்டால் வேறு எப்போது? இன்னும் நான்கு ஆட்டங்களை வென்றால் சூப்பர் லீக்கிலும் நிலைக்கலாம், மலேசியக் கிண்ணத்துக்கும் போகலாம்” என்றார் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர்.

அவருக்கு எதிரே, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை ‘பெரியண்ணன்’ என்போம். 1974-இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் இளைஞர். 1953, 1954, 1958, 1974 என்று நான்கு முறை வென்ற மாநிலம், அதன்பின் அக்கிண்ணத்தைத் தொடவேயில்லை என்பது அவருக்குச் சொந்தத் துயரம்.

“தம்பி, கப்பல் மூழ்கும்போது சின்னப் பிள்ளையின் கையில் சுக்கானைக் கொடுக்கக்கூடாது. தோற்றால் எல்லாப் பழியும் அவன் தலையில்தான் விழும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கட்டும்” என்றார் அவர்.

அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். “வாத்தியாரே, நீங்கள் என்ன சொல்கின்றீர்கள்?”

நான் தேநீரை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னேன். “திறமை இருக்கலாம், அண்ணே. உடம்பு வேண்டாமா? வெளிநாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர்களின் தோள் பட்டாலே கீழே விழுந்துவிடுவார். நம் ஆறுமுகம் எப்படிப் பேரெடுத்தார்? அந்த நீண்ட கைகளால்தானே ஸ்பைடர்மேன் என்று அழைத்தார்கள்? காற்பந்துக்கு உடற்கட்டு முக்கியம்.”

தேசியக் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் எங்கள் கடையில் மறுபேச்சு இராது. அன்றும் அப்படியே ஆயிற்று. நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

நண்பர்களே, அந்த வாரம் நான் வகுப்பில் நடத்திய பாடம் என்ன தெரியுமா? பழமொழி. ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.’ பொருளை எழுத வைத்தேன். சூழலை உருவாக்கச் சொன்னேன். மாணவர்கள் அழகாகவே எழுதினார்கள். மாணவன் ஒருவன், ‘உருவத்தைக் கண்டு ஒருவரின் ஆற்றலைக் குறைவாக எடை போடக்கூடாது’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சரியிட்டு ‘மிக நன்று’ என்றும் எழுதினேன்.

அவனைப் பற்றித்தான் இனிச் சொல்லப் போகின்றேன்.

ஆறாம் ஆண்டில் படித்த அவன் வகுப்பிலேயே மிகச் சிறியவன். நவம்பர் மாதத்தில் பிறந்தவன். தாயார் தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர். தந்தையார் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். பள்ளிக் காற்பந்துக் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியர். பயிற்சியில் அவனைப்போல் பந்தைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர் எவருமில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்து ஆடுவான். பன்னிரண்டு வயதில் அது அரிது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பந்தைத் துரத்துவார்கள்; அவனோ பந்து வரப்போகும் இடத்தில் முன்பே நிற்பான்.

மாவட்ட அளவிலான போட்டியில் எங்கள் குழு முதலாட்டத்தில் வென்றது, இரண்டாவதில் தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில் வென்றால் காலிறுதி. எங்களைப்போல் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிக்கு அது பெரிய கனவு. தலைமையாசிரியர் வந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் தண்ணீரும் பழங்களும் கொண்டு வந்திருந்தனர். எதிரணியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். என் தோளுயரம் இருந்தார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் நடுத்திடலில் ஆடிய அவனை அன்று மாற்று ஆட்டக்காரர்களோடு அமரச் சொன்னேன். அவனுக்குப் பதிலாக உயரமான, வலிமையான மாணவனை இறக்கினேன். “உன் நன்மைக்காகத்தான், அடிபட்டுவிடுவாய்” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. “சரி, சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தான்.

ஆட்டம் கோலின்றி முடிந்தது. நாங்கள் வெளியேறினோம்.

ஆட்டம் முடியும் வரை அவன் காலணிக் கயிற்றை அவிழ்க்கவில்லை. எந்த நேரத்திலும் அழைப்பேன் என்று காத்திருந்திருக்கின்றான். பிற்பாதியில் ஒருமுறை எழுந்து நின்று என்னைப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கின்றது. நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். மற்றவர்கள் அழுதுகொண்டே பேருந்தில் ஏற, அவன் திடலில் கிடந்த தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தான். அவன் அழவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கின்றார் என்று எண்ணி, சொல்ல வேண்டிய விளக்கங்களை மனத்திற்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். அவரோ பணிவாகப் பேசினார்.

“சார், அவனை ஏன் இறக்கவில்லை என்று கேட்க நான் வரவில்லை. நீங்கள் காரணத்தோடுதான் செய்திருப்பீர்கள். ‘நான் இன்னும் எவ்வளவு வளர வேண்டும் அப்பா?’ என்று இரண்டு நாளாகக் கேட்கின்றான். எனக்கும் உயரமில்லை, அவன் அம்மாவுக்கும் உயரமில்லை. அவனுக்கு என்ன சொல்வது என்று உங்களிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.”

நான் அடுக்கி வைத்திருந்த விளக்கங்களில் ஒன்றுகூட அக்கேள்விக்குப் பொருந்தவில்லை. “தேர்வு ஆண்டு அல்லவா? படிப்பில் கவனம் செலுத்தட்டும்” என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அப்போது நடைமுறையில் இருந்தது. தப்பித்துக்கொள்ள விரும்பும் ஆசிரியனுக்கு அதைவிட வசதியான சொல் வேறொன்று இல்லை.

அவ்வாண்டு இறுதியில் பினாங்கு அணி சூப்பர் லீக்கில் கடைசி இடத்தைப் பெற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த கோலுக்கான விருதைப் பெற்ற அதே ஆண்டில்! என் மாணவனும் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சிப் பட்டறையில், கனடா நாட்டு உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியின் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1980-களில் அவர் அந்நாட்டின் பனிவளைக்கோல் பந்தாட்டக்காரர்களின் பிறந்த மாதங்களைத் தொகுத்துப் பார்த்தாராம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது. அங்கு வயதுப் பிரிவு ஜனவரி முதல் நாளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஒரே பிரிவில் இருக்கும் சிறுவர்களுள் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். சின்ன வயதில் ஓராண்டு என்பது பெரிய வேறுபாடு. மூத்தவன் உயரமாக இருக்கின்றான்; பயிற்றுநர் அவனைத் திறமைசாலி என்று எண்ணித் தேர்ந்தெடுக்கின்றார்; தேர்வு பெற்றதால் அவனுக்குக் கூடுதல் பயிற்சி கிடைக்கின்றது; கூடுதல் பயிற்சியால் உண்மையிலேயே திறமைசாலியாகி விடுகின்றான். மற்றவன் வளர்ந்து உயரத்தில் அவனை எட்டிப் பிடிக்கும்போது, விளையாட்டை விட்டே போயிருப்பான்.

நம் பள்ளிப் போட்டிகளிலும் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டே வகுக்கப்படுகின்றது. நான் அமர வைத்தவன் நவம்பரில் பிறந்தவன் என்று சொன்னேன் அல்லவா? அவனுக்குப் பதிலாக இறக்கியவன் ஜனவரியில் பிறந்தவன். பட்டறை முடிந்து வீடு வந்ததும் பழைய பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இனி, 2024 ஜனவரி 25-ஆம் நாளுக்கு வருகின்றேன். அன்று தைப்பூசம். தண்ணீர்மலைக்குச் சென்று படியேறி வழிபட்டுவிட்டுக் கால்வலியோடு திரும்பி, மாலையில் ஒட்டுக்கடையில் அமர்ந்தேன். கத்தாரில் ஆசியக் கிண்ணப் போட்டி. மலேசியாவுக்கும் தென்கொரியாவுக்கும் ஆட்டம். ஜோர்டானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1 என்று தோற்று, நம் அணி அடுத்த சுற்று வாய்ப்பை முன்பே இழந்திருந்தது. எனினும் கடை நிறைந்திருந்தது. நெற்றியில் திருநீறும் மொட்டைத் தலையில் சந்தனமுமாகப் பலர் நின்றுகொண்டே பார்த்தார்கள்.

பெரியண்ணனும் இருந்தார். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் இதே தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதையும், ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றிக் கோலையும், பின்னர் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் நம்மவர் போக முடியாமற் போனதையும் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பாதி தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. தென்கொரியா ஒரு கோல் முன்னணியில் இருந்தது. எதிரணியின் பிழையால் பந்து ஃபைசால் ஹலிமின் காலுக்கு வந்தது. அவருக்கு எதிரே ஐரோப்பாவில் பேர்பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் கிம் மின்-ஜே. மலைபோன்ற உருவம். ஃபைசால் அவரை ஒரு பக்கம் ஏமாற்றி விலகி, குறுகலான கோணத்திலிருந்து கோல் காவலரையும் தாண்டிப் பந்தை வலைக்குள் தூக்கிப் போட்டார். கடையே குதித்தது. ‘தோள் பட்டாலே கீழே விழுந்துவிடுவார்’ என்று நான் சொன்ன அதே மனிதர்! ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது.

“சார்” என்று யாரோ அழைத்தார்கள். திரும்பினேன். மொட்டைத் தலையோடு ஓர் இளைஞன். பால்குடம் எடுத்துவிட்டு வந்திருந்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை. சிரித்தபோது தெரிந்தது. என் மாணவன். இன்னும் உயரமில்லை. பொலிதெக்னிக்கில் படிப்பதாகச் சொன்னான். “இப்போதும் விளையாடுகின்றாயா?” என்று கேட்டேன். “இல்லை, சார். ஆறாம் ஆண்டோடு விட்டுவிட்டேன்” என்றான்.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. அன்று நான் செய்தது தவறு என்றும், உயரத்தை மட்டும் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவன் கூச்சத்தோடு தலையைத் தடவிக்கொண்டான்.

“நான் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்லமாட்டேன், சார். தோற்றும் இருப்போம். ஆனால் கூட்டாளிகள் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். யார் எந்தப் பந்தைத் தவறவிட்டான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.”

தோல்வியில்கூடத் தனக்குப் பங்கில்லாமற் போனதுதான் அவனுடைய குறை. ஏழு ஆண்டுகளாக நான் காலிறுதி வாய்ப்பை இழந்ததைப் பற்றி மட்டுமே வருந்திக் கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தப் பழைய வாதத்தை மனத்திற்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கின்றேன். இளைஞனை இறக்க வேண்டும் என்றவரிடம் நம்பிக்கை இருந்தது. மெல்ல இறக்க வேண்டும் என்ற பெரியண்ணனிடம் அக்கறை இருந்தது. ஒரு சிறுவனின் தோள்மீது ஓர் ஊரின் ஆசையை முழுவதும் ஏற்றிவிடக்கூடாது என்று அவர் சொன்னதும் நியாயமே. நானோ அளவுகோலை மட்டும் வைத்திருந்தேன். அதற்கு அக்கறை என்று பெயரிட்டு, ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று ஒரு பிள்ளையிடம் சொன்னேன். உண்மையில் நான் காத்துக்கொண்டது அவன் கால்களை அன்று. காலிறுதிக்குச் செல்லும் என் ஆசையை.

அதே ஆண்டு மே 5-ஆம் நாள், கோத்தா டாமன்சாராவில் உள்ள ஒரு பேரங்காடியில் ஃபைசால் ஹலிமின்மீது எரிதிராவகம் வீசப்பட்டது. கடுமையான தீக்காயங்கள், பல அறுவைச் சிகிச்சைகள். கடையில் மீண்டும் வாதம் எழுந்தது. “இனி ஆட முடியுமா?” “ஆடினாலும் பழைய வேகம் வருமா?” பெரியண்ணன் என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது, அண்ணே. அவர் சொல்லட்டும்” என்றேன். அவர் அவ்வாண்டிலேயே திடலுக்குத் திரும்பி அதற்கு விடை சொல்லிவிட்டார்.

இப்போது நான் பொறுப்பேற்கும் குழுவில் இரண்டு வழக்கங்களை வைத்திருக்கின்றேன். ஒன்று, தேர்வு நாளில் பெயர்ப்பட்டியலுக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதிக்கொள்வேன். மற்றொன்று, போட்டிக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஓர் ஆட்டத்தில் சிறிது நேரமாவது ஆடியே தீரவேண்டும். இதனால் ஓர் ஆட்டத்தில் தோற்றும் இருக்கின்றோம். அதற்காகச் சில பெற்றோர்கள் என்னிடம் கோபித்துக் கொண்டதும் உண்டு. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கின்றது. அவர்களுக்கு விடை சொல்லும் கடமை எனக்கிருக்கின்றது.

திடலுக்கு வெளியேயும் இதைக் கவனித்து வருகின்றேன். சபைக் கூடலில் பேச யாரை அனுப்புகின்றோம்? கதை கூறும் போட்டிக்கு யாரைத் தேர்ந்தெடுக்கின்றோம்? ஒன்றாம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையை ‘மெதுவாகப் படிப்பவன்’ என்று எழுதுமுன், அவன் பிறந்த மாதத்தைப் பார்க்கின்றோமா? பெற்றோர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடும்போது, இருவரும் பிறந்த மாதங்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் மாணவனைச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்து உதவுமாறு அழைத்தேன். படிப்பும் பகுதிநேர வேலையுமாக இருப்பதால் முடியாது என்றான். ஆனாலும் இரண்டு சனிக்கிழமைகள் வந்தான். பந்து வரப்போகும் இடத்தில் முன்பே எப்படிப் போய் நிற்பது என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினான். அவர்களுள் ஒருவன், அவனைவிடவும் குட்டையானவன், “அண்ணே, நீங்கள் எந்தக் குழுவில் விளையாடினீர்கள்?” என்று கேட்டான்.

“உங்கள் சாருடைய குழுவில்தான்” என்றான் அவன்.

நான் பந்துகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மீண்டும் சந்திப்போம். உங்கள் பள்ளித் திடலில் காலணிக் கயிற்றை அவிழ்க்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளை யார் என்று, இந்த வாரம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அன்புடன்,
பாயான் லெப்பாஸிலிருந்து ஓர் ஆசிரியன்.